‘ஏன் ரேடியாலஜி?’: நேர்காணலுக்குக் காத்திருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

பிரிட்டனில் ரேடியாலஜி பயிற்சிக்கு விண்ணப்பித்து, எம்.எஸ்.ஆர்.ஏ. தேர்வைத் தாண்டி, நேர்காணல் அழைப்போடு காத்திருக்கும் தமிழ் மருத்துவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் பர்மிங்ஹாமிலோ லெஸ்டரிலோ டிரஸ்ட் கிரேடு வேலை பார்த்தபடி, நைட் டியூட்டிகளுக்கு நடுவே தயாராகிறீர்கள். சிலர் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விண்ணப்பித்திருக்கிறீர்கள். அண்மை ஆண்டுகளில் ஓர் இடத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் முட்டிமோதும் துறை இது. அழைப்பு வரை வந்ததே பெரிய காரியம். வாழ்த்துகள்.

வாழ்த்தியாயிற்று, இனி கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

இங்கே ரேடியாலஜிஸ்ட்டாக இருப்பதால், ஒவ்வொரு தேர்வுக் காலத்திலும் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது மாதிரி நேர்காணல் எடுக்கச் சொல்லி வருவார்கள். நான் பார்த்தவரை அவர்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. எந்த நோய்க்கு எந்த ஸ்கேன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தடுமாறுவது வேறோர் இடத்தில். முடிவைச் சொல்லிவிடுகிறார்கள், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. எதிரே இருப்பவர்களோ அந்த வழியைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காரணம் எளியது. ரேடியாலஜிஸ்ட்டின் அன்றாட வேலையே அதுதான். பாதித் தகவலோடு ஒரு போன் வரும். எந்த ஸ்கேன், இப்போதா காலையிலா, உண்மையிலேயே தேவையா என்று எடைபோட வேண்டும். முடிவெடுத்து, அதை மறுமுனையில் அவசரத்தில் இருப்பவருக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும். நேர்காணல் அந்த வேலையின் ஒரு சின்ன சாம்பிள். ஆகவே நேர்காணலுக்கென்று தனியாகப் பதில்களைத் தயாரிப்பதைவிட, வாய்விட்டு யோசிக்கும் அந்தப் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கம்.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். இந்தியாவில் பெரும்பாலான எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் இடங்களைத் தீர்மானிப்பது நீட் பி.ஜி. ரேங்க். முன்வரிசை ரேங்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போகும் பிரிவு அது. கவுன்சலிங்கில் அதை எடுத்தவரிடம் ‘ஏன் எடுத்தீர்கள்?’ என்று யாரும் கேட்பதில்லை. ரேங்க் வந்தது, எடுத்தார், முடிந்தது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்களுக்கு ‘ஏன் ரேடியாலஜி?’ என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வியாகத் தோன்றுகிறது. ‘புதிர்களை விடுவிப்பது பிடிக்கும், தொழில்நுட்பம் பிடிக்கும், எல்லாத் துறைகளோடும் தொடர்பு இருக்கும்’ என்று மூன்று வரி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகத் துடிக்கிறார்கள். எதிரே இருப்பவர்கள் காலையிலிருந்து அதே மூன்று வரிகளைக் கேட்டு அலுத்தவர்கள்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பிரிட்டனில் இருப்பவர்கள், துறையில் சில நாள் உடனிருந்து பார்க்கும் டேஸ்டர் வீக் கேட்டு வாங்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சி எடுத்தவர்கள், 1934இல் தொடங்கிய பர்னார்டு ரேடியாலஜி நிலையத்தைத் தினமும் கடந்துதான் வார்டுக்குப் போயிருப்பீர்கள். உள்ளே போய் சி.டி. கன்சோல் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்தீர்களா? எந்த ரெக்வெஸ்ட்டை ரேடியாலஜிஸ்ட் திருப்பி அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று கேட்டீர்களா? புற்றுநோய் எம்.டி.டி. கூட்டத்தில் சர்ஜன், ஆன்காலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட் எல்லோரும் இருக்க, திரையில் படத்தை நகர்த்திக்கொண்டிருக்கும் ஒருவர் ‘ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது’ என்று சொன்னதும் ஆபரேஷன் திட்டமே மாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள். நீங்கள் கவனித்த ஒரே ஒரு நோயாளி, அவருடைய ஸ்கேன், அது மாற்றிய சிகிச்சை, அதற்குப் பிறகு நீங்கள் போய்த் தேடித் தெரிந்துகொண்டது: ‘புதிர் பிடிக்கும்’ என்று சொல்லத் தேவையே இருக்காது.

வேலையைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: இங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பது. நம் ஊரில் அல்ட்ராசவுண்டு என்றால் டாக்டர்தான் புரோபைப் பிடிப்பார். பிரிட்டனில் கர்ப்பகால ஸ்கேன்களைப் பெரும்பாலும் சோனோகிராஃபர்கள் செய்கிறார்கள். எக்ஸ்ரேக்களுக்கு ரிப்போர்ட் எழுதும் பயிற்சி பெற்ற ரேடியோகிராஃபர்கள் இருக்கிறார்கள். அவர்களை உதவியாளர்கள் என்ற தொனியில் ஒரு வார்த்தை பேசினாலும், இந்த டிபார்ட்மென்ட்டுக்குள் நீங்கள் காலே வைத்ததில்லை என்பது தெரிந்துவிடும்.

இப்போது ஒரு மாதிரிக் கேள்வி. இரவு இரண்டு மணி. நீங்கள் ஆன்-கால் ரேடியாலஜி ரெஜிஸ்ட்ரார். அடுத்தடுத்து மூன்று போன். முதலாவது அவசரப் பிரிவிலிருந்து: 17 வயதுப் பையன், மூன்று மணி நேரமாக ஒரு பக்க விதையில் கடும் வலி, அல்ட்ராசவுண்டு வேண்டும். இரண்டாவது எலும்பு வார்டிலிருந்து: 45 வயதுப் பெண், நெடுநாள் முதுகுவலி, மாலையிலிருந்து தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீரும் போகவில்லை, எம்.ஆர்.ஐ. வேண்டும். மூன்றாவது மறுபடி அவசரப் பிரிவு: 78 வயதுப் பெரியவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், விழுந்து தலையில் அடி, இரண்டு முறை வாந்தி, தலைக்கு சி.டி. வேண்டும். யாருக்கு முதலில்?

பலரும் கேள்வி முடியுமுன்பே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மூன்றும் மூன்று மெஷின்கள். மூன்று பேரும் ஒரே க்யூவில் நிற்கவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னாலே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். பெரியவரை இப்போதே சி.டி. மேசைக்கு வரவழைக்கலாம். தலையில் அடிபட்டவர் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. எடுக்க வேண்டும் என்பது நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அவர் வந்து சேர்வதற்குள் மற்ற இரண்டு போன்களையும் பேசி முடிக்கலாம்.

பையனுக்கு வருவோம். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். அதில் மூன்று போய்விட்டது. ‘சர்ஜன் பார்த்துவிட்டாரா?’ என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கைவைத்துப் பார்த்தபோது சந்தேகம் வலுவாக இருந்தால் பையன் நேரே தியேட்டருக்குப் போக வேண்டும். ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ரேடியாலஜிஸ்ட் அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, ‘எனக்காக நிற்காதீர்கள்’ என்று சொல்வதுதான். அந்தப் பெண்ணுக்கு இருப்பது காடா ஈக்வினா சந்தேகம். இங்கிலாந்தின் 2023 தேசிய வழிமுறைப்படி, கேட்டதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் இரவில் எம்.ஆர்.ஐ. ஓடுமா? ஓடாதென்றால் யாரை எழுப்புவது, எங்கே மாற்றுவது? முடிந்தால் ஸ்பைன் சர்ஜனுக்கு இப்போதே தகவல் போகட்டும். இவ்வளவையும் செய்துவிட்டு, ‘வேலை குவிந்தாலோ சந்தேகம் வந்தாலோ வீட்டிலிருக்கும் கன்சல்டன்ட்டைக் கூப்பிடுவேன்’ என்று முடியுங்கள்.

இந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் மனப்பாடம் செய்ய முடியாது. நாளைக்கே மூன்று நோயாளிகளும் மாறிவிடுவார்கள். ஆனால் யோசிக்கும் வரிசை மாறாது. உயிருக்கோ உறுப்புக்கோ எவ்வளவு நேரம் இருக்கிறது? ஸ்கேன் முடிவு சிகிச்சையை மாற்றுமா? எந்த மெஷின், எந்த ஆள் கையில் இருக்கிறது? எனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்? வார்டில் ஒவ்வொரு முறை ஸ்கேன் ஃபார்ம் நிரப்பும்போதும் இந்த நான்கையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

கன்சல்டன்ட்டைக் கூப்பிடுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் ‘சீனியரிடம் கேட்பேன்’ என்று சொல்லித் தப்பிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ‘சீஃப்’ ரவுண்ட்ஸ் வரும்போது பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து பழகியவர்கள் நாம். கேட்பதில் தவறில்லை. கேட்பதற்கு முன் நீங்களாக என்ன செய்தீர்கள், போனில் முதல் இரண்டு வாக்கியத்தில் என்ன சொல்வீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதேபோல், மூத்த சர்ஜன் ஒருவர் தேவையில்லாத சி.டி.யை வற்புறுத்திக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். ‘சார் சொன்னதால் எடுத்தேன்’ என்பது இங்கே சட்டப்படியே செல்லாது. கதிர்வீச்சு சார்ந்த மருத்துவச் சோதனைகளுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள், இங்கே எல்லோரும் ‘இர்மர்’ என்பார்கள், ஸ்கேனைக் கேட்பவருக்கு ஒரு பொறுப்பும், அதை நியாயப்படுத்தி அனுமதிப்பவருக்குத் தனிப் பொறுப்பும் வைத்திருக்கின்றன. மறுப்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. ஆனால் வெறுமனே ‘முடியாது’ என்று போனை வைப்பவர் யாருக்கும் வேண்டாம். ‘உங்களுக்கு எந்தக் கேள்விக்கு விடை வேண்டும்? அதற்கு அல்ட்ராசவுண்டே போதுமே’ என்று பேசத் தெரிந்தவர்தான் வேண்டும்.

நோயாளியிடம் பேசும் கேள்விகளும் வரும். மூச்சுத் திணறலோடு வந்த கர்ப்பிணிக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகம். ‘குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா டாக்டர்?’ என்கிறார். இங்கே எண்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.014 மில்லிசீவர்ட். பிரிட்டனில் ஒருவர் மேல் ஓர் ஆண்டில் சராசரியாகப் படும் கதிர்வீச்சு 2.7 மில்லிசீவர்ட். ஆகவே அந்த எக்ஸ்ரே, சும்மா இருந்தாலே இரண்டு நாளில் படும் அளவுதான். மார்பு சி.டி. ஏறத்தாழ 6.6 மில்லிசீவர்ட், அது தாய்க்கான அளவு, கருவுக்குப் போவது மிகக் குறைவு. கண்டுபிடிக்காமல் விட்ட ரத்தக்கட்டியோ இரண்டு உயிருக்கும் ஆபத்து. எண்களை அப்படியே அவர் முன் கொட்டாதீர்கள். பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணிடம் எந்த எண்ணைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். முதலில் எக்ஸ்ரே, காலில் வீக்கம் இருந்தால் கால் டாப்ளர் என்று படிப்படியாகப் போவதையும் அவரிடம் விளக்குங்கள்.

தவறுகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, கட்டிகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் கொடுத்தார்கள். அவர்களில் 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. அனுபவசாலிகள்தான். தேடியதைத் தேடினார்கள், தேடாதது கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியவில்லை. ‘நான் கவனமாக இருப்பேன்’ என்ற பதில் ஏன் போதாது என்பது இதிலிருந்து புரியும். கவனம் எல்லோரிடமும் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் ஒரே வரிசையில் முழுதாகப் பார்க்கும் ஒழுங்கு, பழைய படத்தோடு ஒப்பிடுவது, ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாமல் இருப்பது, தவறுகளைக் கூடிப் பேசிக் கற்றுக்கொள்ளும் ‘ரியல்ம்’ கூட்டங்கள் ஆகியவையே காப்பு. மூத்தவர் ஒருவரின் பழைய ரிப்போர்ட்டில் ஒரு கட்டி விடுபட்டதைக் கண்டால்? அவரிடம் நேரில் பேசுவது, ரிப்போர்ட்டில் திருத்தம் சேர்ப்பது, சிகிச்சை தரும் டாக்டருக்கு அன்றே தெரிவிப்பது, நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல ஏற்பாடு செய்வது என்று இந்த வரிசையில் நடங்கள். அவரைக் காட்டிக்கொடுப்பதும் வேண்டாம், காப்பாற்றுவதும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பார்கள். 2016இல் அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்ற பொருளில் பேசினார். 2024இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கான ராயல் கல்லூரி எடுத்த கணக்கின்படி, அதே 2024இல் பிரிட்டனில் தேவையைவிட 29 விழுக்காடு குறைவான ரேடியாலஜிஸ்ட்டுகளே இருந்தார்கள். அவர் சொன்னதையும் இந்தப் பற்றாக்குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். பயமும் வேண்டாம், துதியும் வேண்டாம். பக்கவாத நோயாளிகளின் சி.டி.யைப் படித்து எச்சரிக்கை கொடுக்கும் மென்பொருள் இங்கே ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. அது சொன்னதை அப்படியே நம்பிக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும், தவறானால் பொறுப்பு யாருக்கு, நம் நோயாளிகளைப் போன்றவர்களின் படங்களில் அதைச் சோதித்தார்களா என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

உங்கள் சொந்தச் சாதனைகளைச் சொல்லும் பகுதியில் நம்மவர்கள் வீணாகத் தோற்கிறார்கள். தற்பெருமை கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். அதனால் ‘நாங்கள் ஒரு ஆடிட் செய்தோம்’ என்று முடித்துக்கொள்கிறோம். அதில் உங்கள் பங்கு என்ன என்பதைக் கேட்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கேள்வியை நீங்கள் எழுப்பினீர்களா, கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினீர்களா, கூட்டத்தில் பேசினீர்களா? அதைச் சொல்வது பெருமை பேசுவதாகாது, தகவல் கொடுப்பது. ஆடிட் சின்னதாக இருந்தாலும் சுற்று முடிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மூக்கு வழி உணவுக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்தவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினாரா என்பதை எடுத்துக்கொள்ளலாம். குழாய் நுரையீரலுக்குள் போனது தெரியாமல் உணவு செலுத்துவது, இங்கே நடக்கவே கூடாத நிகழ்வுகளின் பட்டியலில் இருக்கிறது. எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணி, ஒரு ஸ்டிக்கரோ ஒரு வகுப்போ கொண்டுவந்து, மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உயரவில்லை என்றாலும் அதையே சொல்லுங்கள். ஏன் உயரவில்லை என்று யோசித்தவருக்குப் பேச நிறைய இருக்கும்.

பயிற்சி முறை பற்றிச் சுருக்கமாக. ‘கேம்ப்’, ‘ஸ்டார்’ போன்ற சட்டகங்கள் எல்லாக் கோச்சிங்கிலும் கிடைக்கின்றன; பதில் சிதறாமலிருக்க உதவும், அவ்வளவுதான். முழுப் பதிலையும் எழுதி மனப்பாடம் செய்தால், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரிதான் ஒலிக்கும். குறிப்புச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேசிப் பழகுங்கள். இருவர் சேர்ந்து பழகுவது நல்லது. ஒருவர் வேறு துறைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் காரணம் அவருக்குப் புரியவில்லை என்றால் உடனே முகத்தில் தெரிந்துவிடும். பேசுவதைப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

நேர்காணல் வீடியோ வழியாக நடக்கும். கடிகாரம் மாறும் மார்ச் கடைசி ஞாயிறு வரை லண்டனுக்கும் நம் ஊருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம்; அங்கே மாலை நான்கு என்றால் சென்னையிலும் கொழும்பிலும் இரவு ஒன்பதரை. அந்த நேரத்துக்குத் தெருவில் கோயில் திருவிழா மைக் இருக்குமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் வைஃபை ஓடுமா என்று முந்திய நாளே பார்த்துவிடுங்கள். வீட்டில் சொல்லிவைத்தால் குக்கர் விசில்கூட வராது.

கடைசியாக, கசப்பான ஒரு விஷயம். 2025 ஜூலையில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட பத்தாண்டு சுகாதாரத் திட்டம், சிறப்புப் பயிற்சி இடங்களில் பிரிட்டனில் படித்தவர்களுக்கும், கணிசமான காலம் என்.எச்.எஸ்.சில் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை தரப்போவதாகச் சொன்னது. வாசல் குறுகுகிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் படியுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்யாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். அதற்கு உங்கள் தகுதிக்குறைவுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை பேர் மோதும் இடத்தில் அரை மதிப்பெண்கூட ஆளைக் கீழே தள்ளும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாருக்கு எந்த ஸ்கேன் என்று காரணத்தோடு யோசிக்கக் கற்றுக்கொண்டவர் மெடிசினுக்குப் போனாலும் ஊர் திரும்பினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

இடம் கிடைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வுக் காலத்தில் உங்களுக்குப் பின்னால் வரும் இரண்டு பேருக்காவது மாதிரி நேர்காணல் எடுங்கள். காசு வாங்காமல், ‘நன்றாக இருந்தது’ என்று முகத்துக்காகச் சொல்லாமல், எங்கே காரணம் விடுபட்டது என்று அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.



அன்புடன்,
பிரிட்டனில் பணிபுரியும் ஒரு தமிழ் ரேடியாலஜிஸ்ட்